சாமிக்கு முன்னால் மூன்று துப்பாக்கி

தங்கவேலுவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிப் பாருங்கள், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "யாருக்குய்யா பயம்? முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்துல லாரி ஓட்டினவன் நான்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். நிற்கட்டும். கதை சொல்ல உட்கார்ந்த பிறகு உள்ளதைச் சொல்லாமல் எப்படி? மனிதருக்குப் பயம்தான். அதுவும் சின்னப் பயம் இல்லை, மூன்று துப்பாக்கி வாங்கும் அளவுக்குப் பயம்.

தொண்ணூற்றாறாம் வருஷத் தொடக்கத்தில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு ஒரு பழைய ஜீப்பைப் பிடித்தார். மரக்கட்டை இழுத்துக்கொண்டிருந்த ஒரு இழுவை வண்டியைப் பிடித்து, அதன்மேல் பலகையால் ஓர் அறை கட்டினார். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒரு பீப்பாய், சாமி படத்துக்கு ஒரு ஆணி. ரங்கூனில் தாமுவே சந்தைக்குப் பின்னால் இருந்த வீட்டை மகள் புஷ்பாவிடம் கொடுத்துவிட்டு, இனி இருக்கிற காலம் வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியுமாக அந்த வண்டியிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பது என்று முடிவு. பெகு, தௌங்கூ, மாந்தலே, அப்புறம் டெல்டாப் பக்கம் நம்மாட்கள் இருக்கிற கிராமங்கள். எங்கே தீமிதியோ அங்கே நிற்க வேண்டும், முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

இந்த ஆசை முதலில் ஜெயம்மாவுடையது. "நாப்பது வருஷமா ஒரே ஜன்னலு. அதுல தெரியிறது ஒரே சுவரு. அந்தச் சுவத்துல எத்தனை விரிசல்னு கேளுங்க, சொல்றேன்" என்பாள். வண்டி தயாரான அன்று அவள் கட்டிலில் ஏறிப் படுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருண்டு பார்த்துவிட்டு, "அம்மாடி!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்த தங்கவேலுவுக்கே கண் கலங்கிவிட்டது.

ஆனால் கிளம்பினாரா? தண்ணீர்த் திருவிழா முடியட்டும் என்றார். முடிந்தது. மழைக்கு முன்னால் வேண்டாம் என்றார். மழை வந்தது. மழையில் எவனாவது போவானா என்றார். ஜெயம்மா பாத்திரங்களைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

காரணம் இதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், பெகு ரோட்டில், நாலு பேர் லாரியை மறித்துச் சரக்கை இறக்கிக்கொண்டு, தங்கவேலுவை அவருடைய லுங்கியாலேயே ஒரு ரப்பர் மரத்தில் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். விடிந்து, பால் வெட்ட வந்தவர்கள்தான் அவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்குத் தனியாள். இப்போது பக்கத்தில் ஜெயம்மா இருப்பாள்.

ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் ஒருநாள் லத்தா வட்டாரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜமாலிடம் போனார். ஜமாலும் அவரும் முப்பது வருஷச் சிநேகம். விஷயத்தைக் கேட்டதும் ஜமால் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கக்கூடாது, அண்ணே."

"கேக்கலை பாய்."

"எங்க வாங்குனேன்னு யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

பின்கட்டில் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஐந்து துப்பாக்கிகள் வெளியே வந்தன. கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி தங்கவேலு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால் ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு குழல் வைத்த துப்பாக்கி ஒன்று பிடித்திருந்தது. ஒரு குழல் அடைத்துப் போயிருந்தது, ஆனால் எதிரே நிற்கிறவனுக்கு அது தெரியாது அல்லவா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தலையணைக்கு அடியில் வைக்க ஒரு கைத்துப்பாக்கி. அதற்குக் குண்டே கிடையாது. "காமிச்சாப் போதும்ணே, சுடவா போறீங்க?" என்றார் ஜமால். மூன்றாவது, மலைச்சாதிக்காரர்கள் வேட்டைக்கு எடுத்துப் போகிற தூமி, நாட்டுத் துப்பாக்கி. ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. வண்டிக் கட்டிலுக்கு அடியில் அது கொள்ளாது என்று தெரிந்தும், அதன் நீளத்தைப் பார்த்தே திருடன் ஓடிவிடுவான் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் உட்கார்ந்து கட்டிலை ஒரு முழம் நீட்டினார். கட்டிலுக்குத் தகுந்த துப்பாக்கி வாங்காமல் துப்பாக்கிக்குத் தகுந்த கட்டில் செய்த ஆள் ரங்கூனிலேயே அவர் ஒருவர்தான்.

கட்டில் திடீரென்று வளர்ந்தால் பெண்டாட்டிக்குத் தெரியாதா? ஜெயம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"யோவ்! உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி! ஒண்ணில்லே, மூணு! எத்தனை வருஷம் உள்ள வைப்பான்னு தெரியுமா, தெரியாதா?"

"மெதுவாப் பேசுடி. உனக்காகத்தான் வாங்கினேன்."

"எனக்கா? நான் கேட்டது ஒரு இட்லிப் பானை. அதை வாங்கித் தர வக்கில்லே. திருடனுக்கு ஒண்ணு, நாய்க்கு ஒண்ணு, இன்னொண்ணு எதுக்கு, கொசுவுக்கா? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"முடியாது. இது இல்லாம நான் தாமுவேயைத் தாண்ட மாட்டேன். இது இருந்தா, ஆயுத பூஜை முடிஞ்ச அன்னைக்கே கிளம்புறோம். சாமி சத்தியமா."

ஜெயம்மா அதற்கு மேல் பேசவில்லை. நாலு நாள் பேசவில்லை. தங்கவேலு அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் மனிதருக்கு இது புரியவில்லை பாருங்கள்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் பூசணிக்காயும் சாமந்திப் பூவும் வாங்கச் சந்தைக்குப் போனார். திரும்பி வரும்போதே மனசு லேசாக இருந்தது. நாளைக்கு விஜயதசமி, கிளம்ப நல்ல நாள். வாசலில் ஜீப்புக்கும் வண்டிக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முன்னால் பெஞ்சைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஜாக்கி, ஸ்பானர், அரிவாள்மனை, புஷ்பாவின் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஜெயம்மா வரிசையாக வைத்திருந்தாள். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மூன்று துப்பாக்கிகள்.

பூசணிக்காய் கையிலிருந்து நழுவித் தெருவிலேயே உடைந்தது.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"ஆயுத பூஜைதானே? இது ஆயுதந்தானே?" என்றாள் ஜெயம்மா, பூச்சரத்தை இரட்டைக் குழல்மேல் சுற்றிக்கொண்டே.

பக்கத்து நாற்காலியில் சுண்டலோடு ஜமால் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைவிட ஒட்டிப்போயிருந்தார் என்பதே சரி. தங்கவேலு தோள்துண்டை உருவித் துப்பாக்கிகளை மூடப் போனார். அதற்குள் தெருமுனையிலிருந்து குரல் வந்துவிட்டது. "ஊ வேலு! சுண்டல் ஆயிடுச்சா?"

வந்தவர் ஊ ஓன் பே, வார்டு லூஜி. லூஜி என்றால் அந்த வார்டுக்கே பெரியவர், அரசாங்கத்தின் காதும் கண்ணும். பர்மியர் மரியாதைக்கு ஆண் பேருக்கு முன்னால் ஊ போடுவார்கள், பெண் பேருக்கு முன்னால் டோ. வருஷா வருஷம் ஆயுத பூஜைச் சுண்டலுக்கு வருகிறவர்தான். அதை மறந்துபோனது தங்கவேலு ஒருவரே. ஜமால் எழுந்து, "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, சுண்டல் தொன்னையோடு போயே போய்விட்டார்.

லூஜி பெஞ்சைப் பார்த்தார். சிரித்த வாய் சிரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

"இது யாருடையது?" என்று பர்மியத்தில் கேட்டார்.

சாமியுடையது என்று சொல்லலாமா, நாடகத்துக்கு வாங்கியது என்று சொல்லலாமா என்று தங்கவேலு தவித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயம்மா முந்திக்கொண்டாள்.

"இவரோடது, லூஜி. நாளைக்கு நாங்க கிளம்புறோமில்லையா? வழியில திருடன் வருவான்னு பயந்துபோய் வாங்கிட்டாரு. இதுவரைக்கும் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. சாமி முன்னால வச்சு எல்லாத்தையும் ஒப்படைச்சிடுவோம்னு வச்சேன்."

தங்கவேலு கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தார். லூஜி கையை நீட்டினார்.

"தொடக்கூடாது!" என்றாள் ஜெயம்மா. பயப்படாத குரல் அது. "பூஜையில வச்ச ஆயுதத்தை இன்னைக்கு யாரும் எடுக்கக்கூடாது. நானே அரிவாள்மனையை எடுக்க மாட்டேன், இன்னைக்குக் காய் நறுக்காமத்தான் சமையல். நாளைக்குக் காலையில சூடம் காட்டினப்புறம் எடுத்துக்குங்க."

லூஜி பௌத்தர். ஆனால் யாருடைய சாமியிடமும் அவர் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார். நீட்டிய கை மெதுவாகத் திரும்பியது. "சாமியே வைத்திருந்தாலும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும், டோ ஜெயா. காலையில் ஆறு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு போனார். சாப்பிட்டுக்கொண்டே போனாரா என்பதைத் தங்கவேலு பார்க்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா என்று கேட்கவே வேண்டாம்.

காலையில் லூஜி தனியாக வந்தார். போலீஸ் இல்லை, பட்டாளம் இல்லை. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஒன்றும், சுருட்டிய பாயும் மட்டும். ஜெயம்மா சூடம் காட்டும்வரை கைகட்டி நின்றார். பிறகு தங்கவேலுவைப் பார்த்தார்.

"ஊ வேலு, நாட்டைச் சுற்றப் போகிறாயே, ராத்திரி எங்கே தங்குவாய்?"

"வண்டியிலதான், லூஜி."

"வண்டி எங்கே நிற்கும்? ஏதாவது ஒரு வார்டில்தானே? எந்த ஊரில் ஒரு ராத்திரி தங்கினாலும் அங்கே எசாயின் கொடுக்க வேண்டாமா? கொடுத்தால், அந்த ஊர் லூஜி வந்து உன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க மாட்டானா? ஒவ்வொரு ராத்திரியும் ஒரு லூஜி. எத்தனை பேரிடம் மறைப்பாய்?"

எசாயின் என்பது தங்குகிற ஆளை வார்டு ஆபீசில் எழுதிக்கொடுக்கிற வழக்கம். தங்கவேலு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் அவரே ஓடி ஓடி எழுதிக்கொடுத்திருக்கிறார். இனிமேல் தானே வாழ்நாள் முழுக்க விருந்தாளி என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை. திருடன் எப்போதோ ஒருநாள் வருவான், வராமலும் போவான். லூஜி தினமும் வருவார். தங்கவேலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் வார்டில் துப்பாக்கி பிடிபட்டால் உனக்கு ஜெயில். எனக்கு மட்டும் மாலையா போடுவார்கள்?" என்றார் லூஜி. "சந்தைக் குப்பை மேட்டில் ஆளில்லாமல் கிடந்தது என்று எழுதிக்கொள்கிறேன். டோ ஜெயா, அந்தப் பொட்டைத் துடைத்துவிடு. குப்பையில் கிடந்த துப்பாக்கிக்குக் குங்குமம் வைத்தது யார் என்று மேலே கேட்பார்கள்."

ஜெயம்மா முந்தானையால் மூன்றையும் அழுந்தத் துடைத்தாள். லூஜி அவற்றைப் பாயில் சுருட்டினார். தூமியின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் தன் தலைத்துணியைச் சுற்றினார். போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தங்கவேலு கையில் வைத்தார். ஊ வேலுவும் மனைவியும் நல்லவர்கள், முப்பது வருஷமாகத் தெரியும் என்று எழுதி, வார்டு முத்திரை குத்திய கடிதம். "எசாயின் கொடுக்கும்போது இதைக் காட்டு. துப்பாக்கியைவிட நன்றாக வேலை செய்யும்."

சைக்கா தெருமுனையில் திரும்பி மறைந்தது. தங்கவேலுவின் மார்பிலிருந்து ஒரு மூச்சு வந்தது பாருங்கள், பதினைந்து வருஷமாக உள்ளே கிடந்த மூச்சு அது. சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"லூஜி மட்டும் வேற மாதிரி ஆளா இருந்திருந்தா என்னடி ஆகியிருக்கும்? நேரா உள்ள போயிருப்பேன்!"

"போயிருப்பீங்க."

"தெரிஞ்சேவா வச்சே? அதுக்கு ஓடையில தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"நான் தூக்கிப் போட்டா நீங்க மறுபடியும் ஜமாலண்ணன் கடைக்குப் போவீங்க. இந்தத் தடவை அஞ்சையும் வாங்கிட்டு வருவீங்க." ஜெயம்மா இதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னைக்கா இருந்தாலும் உம்மைப் பிடிக்கத்தான் போறான்னு எனக்குத் தெரியும்யா. பிடிச்சா இங்கேயே பிடிக்கட்டும்னு வச்சேன். இங்க பிடிச்சா எந்த ஜெயிலுன்னு தெரியும், எந்த பஸ்ஸுன்னு தெரியும். தினமும் சோறு கட்டிக்கிட்டு வந்து நிப்பேன். கண் காணாத ஊர்ல உம்மை இழுத்துக்கிட்டுப் போனா நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்? யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

தங்கவேலு பெஞ்சில் கிடந்த ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்து ஜீப்பில் போட்டார். அரிவாள்மனையைத் தானே வண்டிக்குள் கொண்டுபோய் அடுப்புத் தட்டுக்குக் கீழே வைத்தார். இறங்கி வந்து அவள் கண்ணைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். நட்ட நடுத் தெருவில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏறு ஜெயம்மா" என்றார். "போற வழியில சந்தையில நிறுத்துறேன். உனக்கு இட்லிப் பானை வாங்கணும்."