கெலகர் வீட்டுக்கு ஆறு போத்தில் ஸ்டவுட்

பொம்பிளை பார்க்கப் போனால் பொம்பிளைதான் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டு வருவாள். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் வடையைக் கடித்துக்கொண்டிருப்பார். முறை அதுதான். கனகலிங்கத்துக்கு வாய்த்ததைப் பாருங்கோ! லண்டனில் வால்தம்ஸ்டோவிலிருந்து லெய்ற்றனுக்குப் பஸ் ஏறிப்போய், பொம்பிளையின் தகப்பனுக்குத் தானே காய்ச்சிய ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியரைத் தானே ஊற்றிக் கொடுக்கவேண்டும். அவனோ பியரை நாக்கிலும் வைத்தறியாதவன்.

பொம்பிளை கத்தரின். ஐரிஷ்காரி, மருந்துக்கடையில் வேலை. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடிந்து தலையிடிக் குளிசை வாங்கப் போன கனகலிங்கம், தலையிடி இல்லாத நாளிலும் போகத் தொடங்கினான். அது எண்பத்தாறில். இப்போது எண்பத்தெட்டு. அவளுக்குத் தாய் இல்லை. தகப்பன் கெலகர் மட்டும்தான்.

"அப்பாவின்ரை வாயாலை ஓம் எண்டு வராமல் நான் கட்டமாட்டன், லிங்கம்" என்று சொல்லிவிட்டாள். இங்கிலீசில்தான் சொன்னாள், ஆனால் எங்கடை பாஷையில் சொன்னால்தான் அதன் சூடு தெரியும்.

கெலகருக்கு முழங்கால் தேய்ந்து போய், பப் வரைக்கும் நடக்க ஏலாது. டின்னில் ஸ்டவுட் வாங்கிக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். மேலே பாலாடை மாதிரித் தடிப்பாய் நிற்கிற நுரை டின்னில் எங்கே வருகிறது? வெறும் கறுப்புத் தண்ணி என்பார். இதைக் கேட்டதும் கனகலிங்கம் முடிவெடுத்துவிட்டான். வெறுங்கையோடு போகக்கூடாது, போனால் அந்த நுரையோடுதான் போவது.

பியர் காய்ச்சுகிற சாமானை மருந்துக்கடையிலேயே விற்கிற விசித்திரமான நாடு இது. முளைகட்டின பார்லியில் எடுக்கிற, பாகு போன்ற கறுப்பு மோல்ற் சாறு ஒரு பேணி, ஈஸ்ட் ஒரு பைக்கற், மூடி போட்ட வெள்ளை வாளி எல்லாம் கத்தரினே எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் ஓட்ஸும் சேர்த்தால் கொழுப்பாய் வரும் என்றாள். கனகலிங்கம் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, ஓட்ஸை முடிந்து அவித்துப் பிழிந்தான். அந்தச் சாற்றில் பாகையும் சீனியையும் கரைத்து, வாளியில் ஊற்றி ஆறவிட்டு, ஈஸ்டைத் தூவி மூடினான். அடுத்த நாள் திறந்து பார்த்தால், அட, வாளி நிறையப் பொங்கி நிற்கிறது! துள்ளிக் குதிக்காத குறை.

அம்பலவாணன் அண்ணைக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கனகலிங்கத்தோடு ஒரே வீட்டில் இருக்கிற ஊர்க்காரர். லண்டனில் அவனுக்குச் சொந்தம் என்று சொல்ல இருந்த ஒரே ஆள்.

"வெள்ளைக்காரியைக் கட்டுறது காணாதெண்டு வீட்டையும் கள்ளுத் தவறணை ஆக்கிப்போட்டாய்!"

"அண்ணை, நீங்களும் வாருங்கோவன். மாப்பிள்ளைப் பக்கத்திலை ஒரு பெரியாள் இல்லாமல் எப்பிடிப் போறது?"

"நான் வாறேல்லை. என்ரை வாயைக் கிளறாதை."

கனகலிங்கத்துக்கு அது சுள்ளென்று தைத்தது. ஐயா கண்மூடிவிட்டார், அம்மா யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிறா. இவரும் இல்லையென்றால் வேறு ஆரைக் கூட்டிப் போவது?

வாளியில் பொங்கினது அடங்கியதும் அவன் போத்தில்களில் கொஞ்சம் கொஞ்சம் சீனி போட்டு, ஸ்டவுட்டை ஊற்றி மூடி அடித்தான். அதற்குப் பிறகு வெக்கையான இடத்தில் வைத்தால்தான் போத்திலுக்குள் காற்றுப் பிறக்கும். காற்று இருந்தால்தான் நுரை. குசினியில் ஹீற்றருக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கிழமை முழுக்க இரவு ஷிப்ட், பகலில் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. குசினிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு போத்திலையும் காணோம்.

"அண்ணை, போத்திலெல்லாம் எங்கை?"

"பின் வளவுக் கொட்டிலுக்கை. நீ அடுக்கின அண்டைக்கே தூக்கி வைச்சிட்டன். கந்தசஷ்டி விரதமும் அதுவுமாய், முருகன்ரை படத்துக்கு முன்னாலை அதை வைச்சிருக்க ஏலுமே?"

கனகலிங்கம் கொட்டிலுக்கு ஓடினான். போத்தில்கள் ஐஸ் மாதிரிக் கிடந்தன. அழுகை வந்தது. ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போகாமல் விடமுடியுமா? ஆறு போத்திலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

கெலகர் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். கனகலிங்கம் முதல் போத்திலைத் திறந்தான். உஸ் என்று ஒரு சத்தம் வரவேண்டுமே, மூச்சுப் பேச்சில்லை. கிளாசில் ஊற்றினான். கறுப்பாய், மொட்டையாய் நின்றது. இரண்டாவது போத்திலும் அதே கதி. கெலகர் கிளாசைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். கத்தரினின் காது சிவந்துவிட்டது.

நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது கனகலிங்கத்துக்கு. இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது எல்லாம் இந்த மொட்டைக் கிளாசோடு போகப்போகிறதா? அவன் விடுகிற ஆளில்லை. மேசையில் இரண்டு ஜக் இருந்தன. தேத்தண்ணி ஆற்றி ஆற்றிப் பழகின கை அவனுடையது. ஸ்டவுட்டை ஒரு ஜக்கில் ஊற்றி, அதைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றதை இடுப்புக்குக் கீழே பிடித்து ஆற்றத் தொடங்கினான். கறுப்புக் கயிறு போல இழுபட்டு விழுந்தது. ஒரு சொட்டும் கார்பெற்றில் சிந்தவில்லை. ஆற்ற ஆற்ற ஜக்குக்குள் பொருபொருவென்று பொங்கியது. கிளாசில் ஊற்றிக் கொஞ்சம் பொறுத்தான். கோப்பி நிறத்தில் நுரை மேலே திரண்டு, ஆடை கட்டின மாதிரி நின்றது.

கெலகர் வாயில் வைத்தார். மீசையில் நுரை ஒட்டியது.

"இனிப்புக் கொஞ்சம் கூட" என்றார். ஆனால் கிளாசை முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார். "இன்னொருக்கால் செய்யும். மெதுவாய்ச் செய்யும், நான் பாக்கவேணும்."

இரண்டாவது கிளாசோடு, போத்திலில் ஏன் காற்றில்லை என்று விசாரித்தார். கனகலிங்கம் முருகன் படம், கொட்டில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். மனுஷன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் அந்த ஆள் உம்மோடை வரேல்லை?"

கனகலிங்கம் அடுத்த போத்திலைக் கையில் எடுத்தான். கத்தரின்தான் சொன்னாள். "அவையின்ரை முறைப்படி, பெரியாள் ஒருத்தர் வந்துதான் பொம்பிளை கேக்கவேணும், அப்பா. இவருக்கு இஞ்சை இருக்கிறது அவர் மட்டும்தான்."

கெலகர் மீசையைத் துடைத்தார். "அப்ப அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு வாரும். அவர் கேக்கட்டும். நான் ஓம் எண்டு சொல்லுறன்."

வீட்டுக்கு வந்தால், அம்பலவாணன் அண்ணை பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "என்னவாம் கிழவன்?"

"உங்களை வரட்டாம், அண்ணை. பெரியாளாய் நீங்கள் வந்து கேட்டால் ஓம் எண்டு சொல்லுவாராம்."

"என்னையோ?"

அவர் எழும்பி, பின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். எல்லாம் முடிந்தது என்று கனகலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குசினியில் கிலுங் கிலுங் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அம்பலவாணன் அண்ணை மிச்சப் போத்தில்களை ஹீற்றருக்குப் பக்கத்தில் அடுக்கி, கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற தன் நல்ல கோட்டால் போர்த்துக்கொண்டிருந்தார்.

"சஷ்டிதான் முடிஞ்சுதே" என்றார், திரும்பிப் பாராமலே. "ஒரு கிழமை காணுமோடா, நுரை வர?"