கிளிப் மாட்டிய கிளாஸ்

பப் வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. "இன்னிக்கு ரெண்டு பேரா?" என்று வேறு கேட்டாள். அப்படியென்றால் மற்ற நாட்களில் ஒருவர். இவர் காதில் விழாத மாதிரி உள்ளே நடந்தார்.

தெருமுனையில் மரக்கடை இருந்த இடத்தில் இந்தப் பப் திறந்து எட்டு மாதம் ஆகிறது. செங்கல் சுவருக்குப் பூச்சு இல்லை, தொங்குகிற பல்புக்கு மூடி இல்லை, சாப்பாட்டு விலையைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். "இவ்வளவு செலவு பண்ணிட்டு சுவத்தப் பூச மறந்துட்டாங்க போல" என்றேன். சாதாரணமாக இதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிற மனிதர், உதட்டைக்கூட அசைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்க்காமல் நேராகச் சுவரோரத்து மேசைக்குப் போய் உட்கார்ந்தார். புது இடத்துக்கு வருகிறவன் எங்கே உட்காரலாம் என்று நாலு பக்கமும் பார்க்க மாட்டானா?

கல்யாண நாள் என்பது நான் சொன்ன சாக்கு. உண்மையில் இது நான் விரித்த வலை. சலவைக் கடையில் கறை எடுக்கிற பிரிவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். துணியை மூக்கருகே கொண்டுபோனால் குழம்பா, மருந்தா, ஒயினா என்று சொல்லிவிடுவேன். நாலு வருஷத்துக்கு முன், மகளின் பள்ளி ஆண்டு விழாவில் இவர் தள்ளாடிப் போய் மேடைக்கு முன்னால் குப்புற விழுந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: இன்னொரு சொட்டு உள்ளே போனால் நானும் மகளும் இந்த வீட்டில் இருக்க மாட்டோம். அன்றோடு விட்டேன் என்றார். விட்டாரா என்பதை வாய் சொல்லி நம்புவதா? தினமும் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே அவர் கைப்பையை வாங்கிக்கொள்வேன். வாங்கும்போது முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோவேன். எதிர்வீட்டு அக்கா அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு மாதமாக வியாழக்கிழமைச் சட்டைகளில் கறி வாட்டுகிற புகை நெடி, இந்தப் பப்பைத் தாண்டிப் போகும்போது அடிக்கிற அதே நெடி. சட்டைக் கையில் லேசாகச் சரக்கு வாடை. வாயில் மட்டும் வெறும் எலுமிச்சை. எதை மறைக்க எலுமிச்சை? கேட்டால் ஒரு கதை சொல்லுவார். அதனால்தான், இந்தக் கல்யாண நாளுக்குத் தெருமுனைப் பப்பில் சாப்பிடலாம் என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முழித்தார். "அங்க எதுக்கு, விலை ஜாஸ்தி" என்றார். விலை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

பரிமாறுகிற பையன் வந்தான், ஆறடிக்கு மேல் இருப்பான். "வாங்கண்ணா. அக்காவுக்கு என்ன குடுக்கட்டும்?" அக்காவைத்தான் கேட்டான், அண்ணனைக் கேட்கவில்லை. எனக்கு ஆரஞ்சு ஜூஸும், இருவருக்கும் சுட்ட மீனும் ரொட்டியும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் ஜூஸோடு இவருக்கும் ஓர் உயரமான கிளாஸ் வந்தது. ஐஸ், குமிழி, எலுமிச்சைத் துண்டு. விளிம்பில் துணிக்கு மாட்டுகிற மாதிரி ஒரு குட்டி மரக் கிளிப். நான் அந்தக் கூடம் முழுக்கக் கண்ணை ஓட்டினேன். வேறு ஒரு கிளாஸிலும் கிளிப் இல்லை. இவருக்கென்று தனி பாட்டில் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதற்கு இது அடையாளம் என்று என் புத்திக்குப் பட்டது.

"நல்லாத் தெரியும் போல உங்கள?"

"கீழ சமையக்கட்டு. தட்டெல்லாம் மேல வர்றதுக்கு ஒரு சின்ன லிஃப்ட் இருக்கு. அத ரிப்பேர் பண்ண வந்தேன்."

"எத்தன தடவ ரிப்பேராகும் அது?"

"கயிறு பழசு."

நன்றாகத்தான் கயிறு திரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவருடைய மேஸ்திரியிடமிருந்து போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார். கிளாஸை இழுத்து மோந்தேன். எலுமிச்சைத் தோல்தான் மூக்கில் ஏறியது. இந்த ஒரு தடவை என் மூக்கை நான் நம்பவில்லை. ஒரு வாய் குடித்தேன். கசந்தது. சரக்கின் வாடை எனக்குத் தெரியும், ருசி தெரியாது. கசப்பு என்றதும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பாவி மனுஷன், நாலு வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறான். அந்த ஒரு நிமிஷத்தில் மனசாலேயே வீட்டுக்குப் போய்த் துணி மடித்து, மகளை எழுப்பி, என் சொந்த அக்கா வீட்டுப் பின்னறையில் பாய் விரித்துப் படுத்தும்விட்டேன்.

நெட்டைப் பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். "இதுல எவ்வளவு ஊத்துன தம்பி?"

"ஒண்ணும் ஊத்தலக்கா. டானிக் வாட்டர்னு ஒரு சோடாவும் எலுமிச்சையும்தான்."

"கசக்குதே."

"அது கசக்கத்தான்க்கா செய்யும். இந்தக் கிளிப் இருந்தா சரக்கு சேரலன்னு அர்த்தம். கூட்டத்துல எல்லா கிளாஸும் ஒரே மாதிரி இருக்கும்ல. அண்ணன்தான் இந்த ஏற்பாட்டச் சொன்னாரு, அவருக்கு மட்டும்தான் மாட்டுறோம். ஒரு தடவ நான் மறந்துட்டேன். கிளாஸத் தொடவே இல்ல, எந்திரிச்சுப் போயிட்டாரு."

அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அடுத்த சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. குடிக்காதவனுக்குக் குடிக்கிற இடத்தில் என்ன வேலை? தெருவில் டீக்கடையா இல்லை?

திரும்பி வந்தவர் கிளாஸில் குறைந்திருந்ததைப் பார்த்தார்.

"குடிச்சுப் பாத்தியா?"

"ஆமா. எலுமிச்சத் தண்ணி நான் வீட்ல போட்டுத் தர மாட்டேனா? எதுக்கு இங்க வர்றீங்க?"

மேசையில் இருந்த கை துடைக்கிற காகிதத்தை நாலாக மடித்தார். அப்புறம் எட்டாக. "நீ பைய வாங்குறப்ப நான் மூச்ச அடக்கிக்குவேன். தப்பு பண்ணாத அன்னிக்கும். தப்பு பண்ணாத அன்னிக்குத்தான் பயமே ஜாஸ்தி. இங்க யாரும் என்ன மோந்து பாக்கறதில்ல."

எனக்கு முகம் எரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"நான் என்ன ஆசைக்கா மோந்து பாக்கறேன்? நீங்க வர அஞ்சு நிமிஷம் லேட்டானா இன்னமும் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துட்டே இருக்கேங்க."

"தெரியும். அதான் சொல்லல."

மீன் வந்தது. இருவருமே தொடவில்லை. பக்கத்து மேசையில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் ஏதோ நகைச்சுவை சொல்ல, அவருடைய கூட்டாளிகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு இவர் கேட்டார், லீவு கேட்கிற மாதிரி: "வியாழக்கிழமை மட்டும் வந்துக்கட்டுமா?"

வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. இனிமேல் வாசலில் போய் நிற்பதில்லை என்றுகூட அந்த நொடியில் முடிவு செய்திருந்தேன். அப்போது வழுக்கைத்தலைக்காரர் மேசையில் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேன் நிறத்தில் இரண்டு விரல் உயரம். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை சுழற்றினார். இவருடைய கண் அந்த கிளாஸோடு சுழன்று, அதோடு மேலே ஏறி, அந்த மனிதரின் உதட்டில் போய் நின்றது.

"என்ன, வரட்டுமா?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அந்த மனிதர் ஒரு வாய் விழுங்கினார். இவருடைய தொண்டையும் மெதுவாக ஏறி இறங்கியது.