கைகோத்துக் குடிக்காதவர்

அன்று காலை ஐலெர்ட் அவித்த முட்டையின் தலையைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, "இன்னைக்கும் கல்லு மாதிரிதான் இருக்கு, வீப்கே" என்றார்.

"நாப்பது வருஷமா கல்லைத் தின்னே ஓட்டியாச்சு, இன்னைக்கு மட்டும் என்ன?" என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே உப்பைத் தூவித் தின்றார். பிறகு சைக்கிளில் ஏறி, திருவிழாக் கூடாரத்துக்கு ஒலியமைப்பு வேலைக்குப் போனார்.

மாலையில் காவலர் இருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். திரும்பும் வழியில் ஒரு கார் ஐலெர்ட்டை அடித்துப் போட்டிருந்தது. ஓட்டியவர் பாடகர் ரிக்கோ வால்டன்.

ரிக்கோவாம் ரிக்கோ! பெற்றவர்கள் வைத்த பெயர் ரூடிகர் க்னாப்பே. முப்பது வருடமாக ஒரே பாட்டு: கடல், நிலா, நீ. அதையும் மேடையில் தொண்டையால் பாடியதில்லை. ஐலெர்ட் பொத்தானை அமுக்குவார், பதிவு செய்த குரல் ஓடும், இவர் வாயசைப்பார், இரண்டாம் சரணத்தில் எப்போதும் கொஞ்சம் பிந்தி. பிறகு கூட்டம் நீட்டும் கோப்பை எதையும் மறுக்கமாட்டார். ஏற்கெனவே ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டி உரிமம் பறிபோனது. தொலைக்காட்சியில் அழுதார். அந்த வருடம் கூட்டம் இரட்டித்தது.

இறந்தவரின் மனைவி என்பதால் வழக்கில் கேள்வி கேட்க வீப்கேவுக்கு உரிமை இருந்தது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: கடைசியில் ஐலெர்ட் என்ன சொன்னார்? தான் இறங்கி ஓடிக் கையைப் பிடித்ததாகவும், ஐலெர்ட் மன்னித்ததாகவும், அதன்பிறகே உதவி தேடி வண்டியை எடுத்ததாகவும் ரிக்கோ பத்திரிகைகளில் சொல்லியிருந்தார்.

நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் ரசிகைகள்.

"பாவம்டி, எப்படி எளைச்சுட்டான் பாரு!"

"புதுக் கோட்டுடி. அதான் அப்படித் தெரியுது."

ரிக்கோ எழுந்து, நீதிபதியை விட்டுவிட்டு அந்த வரிசையைப் பார்த்துப் பேசினார். "ஐலெர்ட் கடைசியா, 'ரிக்கோ, உன் மேல தப்பில்ல. நீ பாடிக்கிட்டே இருடா'ன்னார்."

வரிசை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்.

வீப்கே எழுந்தாள். "என் வீட்டுக்காரர் உங்களை எப்படிக் கூப்பிடுவார், க்னாப்பே சார்?"

"ரிக்கோன்னுதாம்மா. எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான்."

"அவரோட கைகோத்துக் குடிச்சிருக்கீங்களா?"

அது அந்த ஊர் வழக்கம். கைகோத்து ஒரு கோப்பை குடித்த பிறகுதான் பெயர் சொல்லி, 'நீ' என்று பேசுவது. கூடாரம் கூடாரமாக ஊரோடு குடித்தவருக்கு, யாரோடு குடிக்கவில்லை என்பது எப்படி நினைவிருக்கும்?

"அஞ்சு தடவை கோப்பையை நீட்டினீங்க. அஞ்சு தடவையும், 'வேண்டாம் க்னாப்பே சார், வேலையில இருக்கேன்'னார். உங்ககிட்ட வேலை பார்த்த பத்தொன்பது வருஷமும் க்னாப்பே சார்தான். மேடை ஆளுங்க அதோ இருக்காங்க, கேளுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "மனுஷன் எங்க நாயையே 'நீங்க'ம்பாருங்க!"

நீதிபதி சிரிப்பை அடக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். "க்னாப்பே, நீங்க வண்டியை விட்டு இறங்கினீங்களா?"

 இந்தக் கேள்விக்குப் பதிவு செய்த குரல் இல்லை.

"இல்ல."

"பயந்திருப்பான்டி, குழந்தை" என்றாள் ஒரு ரசிகை.

ஒன்றரை வருடச் சிறை. அதையும் நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைத்தார்கள். ஐலெர்ட் தனியாகத்தான் உயிரை விட்டிருக்கிறார். ஆனால் அவர் சொல்லாத சொல்லை இனி யாரும் அவர் வாயில் வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு வீப்கே பேருந்துக்கு நடந்தாள்.

அடுத்த கோடையில் ரிக்கோ அதே கூடாரத்துக்கு வந்தார். பொத்தானை வேறொருவர் அமுக்கினார். இரண்டாம் சரணத்தில் ரிக்கோவின் வாய் இப்போதும் பாட்டுக்குப் பிறகுதான் திறக்கிறது.