ஒரு விரல் உயரம்

படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆறு மாதமாக எல்லா நாளும் ஒரே மாதிரிதான். வலது குதிகாலில் யாரோ ஆணியை வைத்து அடித்ததுபோல் சுருக்கென்று ஏறும். சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். இளகிவிட்டது என்று நம்பிக் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பெரியபாளையம் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது மறுபடியும் முதல் அடி. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு முதல் அடி. எனக்கு நாலைந்து.

சிப்காட்டில் ஓர் இரும்பு உதிரிபாகக் கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன். ஒரு முடி அளவு கூடுதல் குறைச்சல் இருந்தாலும் ஒதுக்கி வைக்க வேண்டும். வேலை என்னவோ கண்ணுக்குத்தான், நிற்பது மட்டும் கால். சிமென்ட் தரை, விரலுக்கு மேல் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ, எட்டு மணி நேரம். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருக்கும்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. திருவள்ளூரில் எங்கள் தெருக்கோடிப் பெருமாள் கோயிலில் நான் ஸ்ரீபாதம் தாங்குகிறவன். உற்சவத்தில் பெருமாளைத் தோளில் சுமந்து வீதி வருகிறவர்களுக்கு அந்தப் பெயர். சும்மா தூக்கிக்கொண்டு போனால் போதாது. நாகஸ்வரத்துக்கு ஏற்ப நடை போட வேண்டும். முன்னே மூன்று அடி, பின்னே இரண்டு, தெருமுனையில் தோளை ஆட்டித் திரும்ப ஒரு நடை. எட்டுப் பேரும் ஒரே ஆளாகக் கால் வைக்க வேண்டும், அதுவும் வெறுங்காலில், சித்திரை மாதத் தார் ரோட்டில். நாட்டியம் ஆடுகிறவர்களுக்காவது காலில் சலங்கை மட்டும்தான் கனம்.

பெருமாளைச் சுமக்கும் இரண்டு நீளத் தண்டுகளில் இடது தண்டின் முன் நுனி என்னுடைய இடம். இருபத்திரண்டு வருஷமாக. நடையைத் தொடங்குவது அந்த நுனிக் கால்தான், மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வைப்பார்கள். வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை. அதனால் அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை, சொல்லிவிடுகிறேன்.

உற்சவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போனேன். அவர் குதிகாலைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். நான் கத்தியதையே ரிப்போர்ட்டாக எடுத்துக்கொண்டார்.

“உள்ளங்கால்ல இருக்கற நார் வீங்கியிருக்கு. நின்னே வேலை பாக்கறவங்க, ஓடறவங்க, டான்ஸ் ஆடறவங்க எல்லாருக்கும் வர்றதுதான். காலையில எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ஒரு துண்டைப் பாதத்துல மாட்டி, மொழங்காலை மடக்காம இழுங்க. சாயங்காலம் ஐஸ் பாட்டிலை காலுக்கடியில உருட்டுங்க. ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. வெறுங்கால்ல நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளகூட.”

கனம் கூடாது, வெறுங்கால் கூடாது. என் பரம்பரைத் தொழிலில் இருப்பதே அந்த இரண்டும்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஆறு வாரம் சேர்த்து எழுதுவார்.

என் மனைவி அம்புஜவல்லி அன்றைக்கே மெத்தென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தாள். “புதுச் செருப்பு, தெருவையே பாத்ததில்லை. ஆத்துக்குள்ள போட்டுக்கலாம். பெருமாள் உள்ளுக்கு மட்டும் போட்டுண்டு வந்துடாதேங்கோ.” பூஜையறையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். “இந்த வருஷம் வேற யாரையாவது நிக்கச் சொன்னா என்ன? ஊர்ல தோளுக்கா பஞ்சம்?”

நான் செருப்பின் விலைச்சீட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜை லோகு. சோழவரத்துக்காரன், முப்பத்தைந்து வயது. வார நாளில் இரும்பு, சனி ஞாயிறில் கல்யாண மேடைகளில் டான்ஸ். மூன்று நாளாக என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

“இன்னா சாமி, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னுக்கினு கீறீங்க?”

சொன்னேன். டீ வேளையில் அவன் தன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காட்டினான். கறுத்துப்போன கட்டைவிரல் நகம், சுண்டுவிரல் ஓரத்தில் கால் ஆணி, குதிகால் முழுக்க வெடிப்பு. அந்தக் காலை வைத்துக்கொண்டா ஆடுகிறான் என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

“எனக்கும் இதே குதிகால் வலிதான் சாமி, ரெண்டு வருசம் பேஜாரு. இத்த வச்சப்புறம்தான் சரியாச்சு.” பையிலிருந்து இரண்டு சிலிக்கான் அட்டைகளை எடுத்துக் கொடுத்தான். கொழகொழவென்று, தோல் நிறத்தில், குதிகால் வடிவத்தில் இருந்தன. “புதுசு. ரெண்டு காலுக்கும் போட்டுக்கோங்க. ஒரு காலுக்கு மட்டும் போட்டா இடுப்பு புடிச்சிக்கும்.”

“ஷூ இல்லாம வைக்க முடியுமா?”

“டேப்பு சுத்தி ஒட்டிக்கலாம். திருவிழாவுல வெறுங்கால்ல ஆடச் சொல்ல நான் அப்டிதான் பண்றேன். ஆனா ஒன்னு சாமி. நான் சும்மா ஆடறவன். நீங்க கனத்தைத் தூக்கிக்கினு நடக்கறீங்க. அதுக்கு எப்டி ஆவும்னு எனக்குத் தெரியாது.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

உற்சவத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எட்டுப் பேரும் மதில் ஓரமாக வரிசையாக நிற்போம், தோள் மட்டம் பார்க்க. உயரமானவன் தோளில்தான் கனம் போய் உட்காரும். அதனால் குட்டையாக இருக்கிறவன் தோளில் துண்டை மடித்து வைத்து எல்லாரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். யாருக்கு எத்தனை மடிப்பு என்று கண்ணாலேயே அளந்து சொல்கிறவன் நான்தான். அன்றைக்கும் சொன்னேன். எனக்கு நேர் பின்னால் அதே தண்டில் நிற்கிற ஜனார்தனனுக்கு இரண்டு மடிப்பு. ஜனா எனக்குச் சித்தி பிள்ளை, என் வயதுதான். அவனுக்கும் முழங்கால் தேய்ந்திருக்கிறது. போன வருஷம் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அன்று நாங்கள் எல்லாரும் வெறுங்காலில்தான் நின்றோம்.

மறுநாள் விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு குதிகாலிலும் அட்டையை வைத்து, தோல் நிற டேப்பைச் சுற்றினேன். பஞ்சகச்சம் கணுக்கால்வரை மறைத்தது. இது செருப்பா மருந்தா என்று ஒரு கேள்வி வந்தது. மருந்து என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். பெருமாள் வரும்போது எல்லார் கண்ணும் மேலே. தாங்குகிறவன் காலை யார் பார்க்கப் போகிறார்கள்?

முதல் தெருவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். ஆறு மாதத்துக்குப் பிறகு வலிக்காத அடிகள். முன்னே மூன்று, பின்னே இரண்டு. லோகு நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளிடமே சொன்னேன்.

இரண்டாவது தெருவில் தோள் எரிய ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கனத்தை நான் தாங்கியதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் நடுங்கியது. குதிகாலில் மெத்தையையும் மீறி அந்த ஆணி மறுபடி இறங்கத் தொடங்கியது.

அப்போது பின்னாலிருந்து ஜனா மெதுவாகச் சொன்னான். “ஸம்பத்து, தண்டு என் தோள்ல தொட்டுண்டுதான் இருக்கு. கனமே இல்லைடா. பெருமாள் பூவாட்டம் வரார்.” பின்னே இரண்டு அடி வைத்துவிட்டு மறுபடி சொன்னான். “முழங்காலுக்கு வேண்டிண்டேன். கேட்டுட்டார்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. அரை அங்குல அட்டை. நேற்று அளந்ததைவிட இன்றைக்கு நான் ஒரு விரல் உயரம். இடது முன்பக்கத்துக் கனம் மொத்தமும் என் தோளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரார் தோளையெல்லாம் அளந்து மடிப்பு சொல்கிறவன், முடி அளவு பிசகைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், என் காலுக்கடியில் நானே வைத்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. வலி வந்தால் புத்தி இப்படித்தான் போகும்போலிருக்கிறது.

ஜனாவிடம் என்ன சொல்வது? அடுத்து வந்த மண்டகப்படியில் பெருமாளுக்குப் பூஜை நடக்க, தண்டுகளைத் தாங்குகட்டையில் நிறுத்தி இளைப்பாறும்போது அட்டையைப் பிய்த்து எறிந்திருக்கலாம். கை போனது. திரும்பிப் பார்த்தால் ஜனா கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி நிற்கிறான். கையை எடுத்துக்கொண்டேன். மிச்சம் இரண்டு தெருவும் அப்படியே நடந்தேன்.

அன்று மத்தியானம் என்னால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அம்புஜவல்லி வாளியில் ஐஸைக் கொட்டிக் காலை உள்ளே வைக்கச் சொன்னாள். வாளிக்குள் காலும் பக்கத்தில் டேப்போடு அட்டைகளுமாக உட்கார்ந்திருக்கும்போது ஜனா வந்தான். கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தான்.

அட்டையை எடுத்துப் பார்த்தான். விரலால் அமுக்கினான். அவனும் எத்தனையோ வருஷமாகத் தோள் மட்டத்துக்கு வரிசையில் நிற்கிறவன், விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்போ காத்தால கனம் தெரியாம இருந்தது இதனாலயா?”

“ஆமாம்டா.”

“ஆத்துல அவகிட்ட சொல்லிட்டேனே.” அவன் அட்டையைக் கீழே வைத்தான். “பெருமாள் நேக்குக் கனமே குடுக்கலை, முழங்காலைப் பாத்துண்டார்னு. அவ அழுதா.”

அதைக் கேட்டபோது குதிகால் வலி எனக்கு மறந்தே போயிற்று. அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படவில்லை. பிரசாதத்தை அம்புஜவல்லியிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

“நாளன்னிக்குக் கருட சேவை. மணவாளனை நிக்கச் சொல்றேன். நீ காலைப் பாத்துக்கோ.”

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம், ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அவன் கொஞ்சமாவது தயங்குவான் என்று எதிர்பார்த்தேன். மணவாளன் முப்பது வயதுக்காரன், நல்ல தோள், நடையும் தெரியும். தயங்க ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

கருட சேவை அன்று காலை எட்டு மணிக்கே தெரு கொதித்தது. ரப்பர் செருப்போடு வாசலில் நின்றேன். நாகஸ்வரம் கிட்டே வந்ததும் செருப்பைப் படியில் விட்டுவிட்டு இறங்கினேன். பெருமாள் முன்னால் செருப்போடு நிற்கிற அளவுக்கு நான் இன்னும் டாக்டருக்குக் கட்டுப்படவில்லை.

கருடன் மேல் பெருமாள் தெருமுனை திரும்பி வந்தார். என் இடத்தில் மணவாளன். அவன் கால் தாளத்துக்கு அரை நொடி பின்னால் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அல்ப சந்தோஷம்தான், வந்தது உண்மை. அதற்கு அடுத்தபடி ஜனாவைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்து, வலது முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. மணவாளன் அவனைவிட ஒரு விரல் குட்டை. மட்டம் பார்த்து மடிப்பு சொல்லும் ஆள் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், யாரும் அவன் தோளைக் கவனிக்கவில்லை. இப்போது முழுக் கனமும் ஜனாவுக்கு.

எங்கள் வாசலில் தாங்குகட்டையை ஊன்றி நிறுத்தினார்கள். அம்புஜவல்லி தேங்காய்த் தட்டை நீட்டினாள். அர்ச்சகர் சடாரியை என் தலையில் வைத்தார். பெருமாளின் பாதுகை தலையில் இருக்க, என் செருப்பு படியில் கிடந்தது. உள்ளங்கால் தாரில் வெந்தது.

தோளில் இருந்த என் துண்டை எடுத்தேன். உற்சவத்தில் மட்டும் நான் போட்டுக்கொள்கிற பழைய துண்டு. நான்காக மடித்தேன், போதவில்லை, பிரித்து ஐந்தாக மடித்தேன். நொண்டிக்கொண்டு போய் மணவாளன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் சொருகி, மட்டத்தைக் கண்ணால் பார்த்தேன்.

“இப்ப எடுங்கோ.”

எடுத்தார்கள். ஜனாவின் கழுத்து நரம்பு அடங்கியது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“கனமாத்தான் இருக்கு,” என்றான் ஜனா. என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு அடி போனபிறகு, “சரியா இருக்கு,” என்றான்.

நாகஸ்வரம் தொடங்கியது. முன்னே மூன்று, பின்னே இரண்டு. மணவாளன் கால் இந்த முறை தாளத்தில் விழுந்தது. தெருமுனையில் கருடன் தோளை ஆட்டித் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெற்றுத் தோளில் வெயில் அடித்தது. துண்டு பெருமாளோடு போய்விட்டது.

“போறும், வாங்கோ,” என்றாள் அம்புஜவல்லி. படியில் இருந்த செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். நாளைக்கு முதல் ஷிப்ட்.