சண்டையில்லாத முப்பத்தோரு வருஷம்

எனக்கும் என் மனைவி ஓப்பியாவுக்கும் சேர்த்து ஒரே கல் சவப்பெட்டி. உயிரோடு இருக்கும்போதே செய்யக் கொடுத்துவிட்டேன். எங்கள் துறைமுக ஊரான ஓஸ்டியாவில் விவரமானவர்கள் எல்லோரும் அப்படித்தான். துறைமுகத்தில் அறிவிப்புக் கூவி ஓய்வு பெற்றவன் நான். தொண்டையைத் திறந்தால் ஆப்பிரிக்காவில் கோதுமை மூட்டை ஏற்றுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவனுக்குச் சும்மா உட்காரக் கால் கேட்குமா? தினமும் பத்து தடவை, இல்லை, நாற்பது தடவை கல்தச்சன் பாக்குலுஸின் பட்டறைக்கு நடந்தேன்.

எழுத்து வெட்டி முடித்த அன்று ஓப்பியாவையும் அழைத்துப் போனேன். அவளே வாசித்தாள்: ‘ஹிலாருஸும் ஓப்பியாவும். முப்பத்தோரு வருஷம் ஒரு சண்டையுமின்றி வாழ்ந்தார்கள்.’

அவள் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தூசி கிளம்பி தைபர் ஆற்றைத் தாண்டிப் போனது.

“யாருய்யா இந்த ஓப்பியா? எனக்குத் தெரியாம இன்னொருத்திய வச்சிருந்தியா?”

“அடியே, எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. சாலையோரம் போய்ப் பாரு, ஒரு கல்லறையிலயாவது சண்டை இருக்கா?”

“அதான், செத்தும் புளுகுறானுங்க! நேத்து மீன்சாறு ஜாடிய உன் தலைக்குக் குறி வச்சேனே, அது என்ன, கொஞ்சலா?”

“குறி தப்பிருச்சே! அத எப்படிச் சேக்கிறது?”

“இந்தப் பொய்க்குள்ள நான் படுக்க மாட்டேன். எங்கண்ணன் கல்லறையில இடம் இருக்கு. நீ இங்க தனியாக் கிட.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் மூன்று நாள் வீட்டில் சண்டையே இல்லை. அவள் பேசினால்தானே! நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தரையில் பள்ளம் விழுந்தது. கண்ணை மூடினால் அந்தப் பெட்டி. உள்ளே நான் மட்டும், வாயாடத் துணையில்லாமல், உலகம் முடியும்வரை.

நாலாம் நாள் அவளைக் கெஞ்சிக் கூட்டிப் போய், பாக்குலுஸிடம் அந்த வரியைச் செதுக்கி எடுக்கச் சொன்னேன்.

“குழி தெரியுமே, பெரியவரே. பொண்டாட்டி ஓடிப்போயிட்டா, அதான் அழிச்சிருக்கான்னு போறவன் வர்றவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். நீ வெட்டு.”

உளி இறங்கியது. சில்லு பறந்து என் நெற்றியில் அடித்தது. ‘சண்டையுமின்றி’ முழுக்கப் பொடியாகி உதிர்ந்த பிறகு, ஓப்பியா மெல்ல வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நான் எந்தப் பக்கம்?”

“சுவர்ப் பக்கம்.”

“எனக்கு மூச்சு முட்டும்யா. சாலைப் பக்கம் எனக்கு.”

“சாலைப் பக்கம் எனக்குடி! போறவங்க நம்ம பேரை வாசிக்கிறத நான் கேக்க வேணாமா?”

“ஊரே உன் குரலக் கேட்டுச் செவிடாப் போச்சு. இன்னும் உனக்கு என்ன கேக்கணும்? தள்ளிப் படு!”

பாக்குலுஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பத்து வருஷமாவது இழுத்தடிப்பதாக இருக்கிறேன்.