ஆளுக்கொரு மைக்

...அது எப்படித் தோன்றாமல் போயிற்று எனக்கு, ஆளுக்கொரு மைக் என்றால் ஆளுக்கொரு குரல் தனித்தனியாகத்தானே பதிவாகும், இதில் என்ன பெரிய சூத்திரம் இருக்கிறது, ஆனாலும் தோன்றவில்லை, நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். பொம்மலாட்டத்தைப் பதிவு செய்ய வெளிநாட்டிலிருந்து படிப்புப் பயணமாக வந்திருக்கும் மாணவர்களில் ஒலிப்பதிவைக் கவனிக்கும் அந்தப் பெண், ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றவே மாட்டாள், என் மகன் அவளுக்குக் காதம்மா என்று பெயர் வைத்துவிட்டான், அவள் பாட்டுக்கு மேடைக்கு முன்னால் ஒரு கம்பத்தை நிறுத்தி அதில் ஒரேயொரு மைக்கை மாட்டிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். பங்காளி வீட்டுக் குழுவை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். அவர்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன், நம் ஊர்க் கல்லூரியில் படித்த பையன்தான், இரண்டு பக்கத்துக்கும் அவனே வாய் என்பதால் இரட்டைவாய், அவளிடம் கேட்டுச் சொன்னான், "அங்கயும் இதே ஒத்த மைக்தான் ஐயா." அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அவங்களுக்கு ஒண்ணு எங்களுக்கும் ஒண்ணா, இந்த வீட்டை ராஜகுரல் வீடு என்றுதான் ஊரே சொல்லும், ஆளுக்கொன்று குத்தச் சொல் என்றேன். அந்தப் பெண் சந்தோஷப்பட்டுப் பெட்டியைத் திறந்தாள். யார் யார் எந்தக் குரல் என்று கேட்டாள். ராஜா நான், வாயிற்காவலன் என் மகன், ராணியும் தோழியும் என் மருமகள். பொய் என்று சொல்ல முடியாது, சுவரொட்டியில் அப்படித்தான் இருக்கிறது, என் அப்பா காலத்திலிருந்து ராஜா என்றால் இந்த வீட்டு ஆண்தான்... சட்டையில் குத்திக்கொண்டேன், இடுப்பில் பேட்டரிப் பெட்டியைச் சொருகிக்கொண்டேன், அதற்கப்புறம்தான் இரட்டைவாய் பெருமையாகச் சொல்கிறான், "இனிமே குழப்பமே இல்லை ஐயா, ஒவ்வொருத்தர் குரலும் தனியா விழும். படம் முடியறப்போ யார் குரல் எதுன்னு பேர் போடுவாங்க. எல்லாக் குழுவுக்கும் எல்லாரோட பதிவும் ஒரு பிரதி கொடுத்திடுவாங்க." எல்லாருக்கும் எல்லாருடையதும் என்றால் பங்காளிக்கும். நான் தலையாட்டினேன். கூடத்து மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டாள், சத்தம் வருமாம், அதனால்தான் வியர்க்கிறது, வேறொன்றும் இல்லை.

திரை விலகிவிட்டது. என் கையில் ராஜா. நூல்கள் எல்லாம் விரல்களில் ஏறிவிட்டன, அவற்றைக் கட்டிய பிடிகட்டை மணிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது, இனி இந்தக் காட்சி முடியும்வரை இந்தக் கைகள் என்னுடையவை இல்லை. ராஜா நடக்கிறார், தோளை ஒரு சுழற்று, தலையை ஒரு நிமிர்த்து, வாள்மேல் கை, இதெல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, இதில் ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம். "யாரங்கே!" கூடத்தின் தகரக் கூரை அதிர்கிறது. என் இடது பக்கத்திலிருந்து வருகிறது அந்தக் குரல். ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள் மருமகள், ஒரு தையற்காரர் மகள், பொம்மைகளுக்குத் துணி தைக்க ஆகும் என்றுதான் அந்த வரனுக்கே சம்மதித்தேன், இன்று ராஜா அவள் தொண்டையில் இருக்கிறார். எப்போது போனார்? அடைமழையில் ஆட்டம் போட்ட அன்று. நடு வசனத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது, இருமல்கூட வரவில்லை, வெறும் காற்று, அப்போது பக்கத்திலிருந்து மிச்ச வசனம் வந்தது, என் குரலிலேயே, என் இழுப்பிலேயே, நான்தான் பேசுகிறேனோ என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. வைத்தியர் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, பேசலாம், கத்தக் கூடாது, கத்தினாலும் வராது என்றார். அதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் அவளைப் பேசச் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவள் பேசினாள், அதற்கடுத்ததிலும். வெளியே யாருக்கும் தெரியாது, நான் எப்போதுமே அதிகம் பேசாதவன், பெரியவர் விறைப்பானவர், யாரிடமும் வாய் கொடுக்கமாட்டார் என்று கடைத்தெருவில் பேர், அந்தப் பேர் இப்போது வசதியாகப் போயிற்று. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கும்பிடுகிறார்கள், என்ன குரல் ஐயா, இந்த வயசுல இப்படியொரு குரல். நான் தலையை அசைப்பேன். அவள் பின்னால் நின்று ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஆனால் இந்த மைக் தலையாட்டலைப் பதிவு செய்யாதே... மார்பில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு என்னத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது இது, என் மூச்சையா, எச்சில் விழுங்குவதையா. பேட்டரிப் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, குத்தும்போது பார்த்தேன், ஒரு விரல் போதும், ஒரு விரல் எங்கே இருக்கிறது? எல்லாவற்றிலும் ராஜா தொங்குகிறார். காட்சி மாறும்போது மருமகளிடம், அம்மா, உன்னுடையதை இங்கே கொடு, என்னுடையதை நீ போட்டுக்கொள் என்று சொன்னால் முடிந்தது, நொடியில் மாற்றிவிடுவாள், ஏன் என்றுகூடக் கேட்கமாட்டாள். கேட்கமாட்டாள் என்பதுதான் எனக்கு ஆகவில்லை. அதைச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும், இத்தனை நாள் சொல்லாமல் காத்ததெல்லாம் ஒரு பேட்டரிப் பெட்டிக்காகவா? படுதாவின் ஓரத்து இடைவெளியில் காதம்மா தெரிகிறாள், மேசைமேல் அவள் கருவி, ஆளுக்கொரு பச்சைக் கோடு ஏறி இறங்கும் என்று காட்டினாளே, இந்நேரம் என் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், பக்கத்துக் கோடு ராஜாவாக எகிறும். பார்க்கிறாளா இந்தப் பக்கம்? ஒருமுறை நிமிர்ந்தாள். எதையோ திருகினாள். மறுபடி குனிந்துகொண்டாள். பங்காளி இதைக் கேட்கும்போது எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும், ஒரு காலை மடக்கி, தொடையில் தட்டிக்கொண்டு, "அட, அண்ணன் வாயே திறக்கலையே! மருமக முந்தானைக்குப் பின்னால ராஜா!" என்பான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவன் அப்பனும் அப்படித்தான் சிரிப்பான்.

வாயிற்காட்சி வந்துவிட்டது. போரிலிருந்து தனியாகத் திரும்புகிற ராஜாவை அவர் கோட்டை வாயிற்காவலனே அடையாளம் தெரியாமல் நிறுத்திவைக்கும் இடம், இங்கேதான் கூட்டம் சிரிக்கும், என் மகன் வாய்க்கு வந்ததை எல்லாம் அடித்துவிடுவான். "ராஜாவா? நேத்துக்கூட ரெண்டு ராஜா வந்தாங்கய்யா, ஒருத்தருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்!" கூடம் குலுங்குகிறது. இங்கே நான் பேசிவிட வேண்டும். வாசலைத் திற. இரண்டே வார்த்தை, இரண்டு வார்த்தைக்குமா இந்தத் தொண்டை தாங்காது, என் கோடு ஒரே ஒரு தடவை எழுந்தால் போதும், மற்றதற்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், ஜலதோஷம், மைக் கோளாறு, என்னவோ. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன். மருமகளுக்குக் கேட்டிருக்க வேண்டும், அவள் நிறுத்திவிட்டாள். எனக்காக இடம் விட்டுவிட்டாள், விருந்தாளிக்கு நகர்ந்து உட்காருவது போல. நான் வாயைத் திறந்தேன்... காற்று. மறுபடியும்... காற்று. மேடையில் ராஜா கையை உயர்த்தியபடி நிற்கிறார், வாசல் மூடியிருக்கிறது, கூடத்தில் ஒரு நாற்காலி முனகுகிறது, இவ்வளவு நீளமான அமைதி இந்த வீட்டு மேடையில் என் நினைவில் இல்லை. மகன்தான் தாங்கினான். "என்ன ராஜா, பேச்சையே காணோம்? குரலைப் போர்க்களத்துலயே மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?" அவன் வேண்டுமென்று சொல்லவில்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அமைதியை நிரப்பச் சொன்னான், இருந்தாலும் ராஜாவின் உயர்ந்த கை கொஞ்சம் இறங்கிவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து, சாவகாசமாக, மிரட்டலே இல்லாமல், "நான் பேசினா கதவு உடைஞ்சிடும்டா. புதுக்கதவா இருக்கேன்னு யோசிக்கிறேன்."

கூடம் எழுந்துவிட்டது. கைதட்டல் என் முதுகுத்தண்டில் வந்து மோதுகிறது. அந்த வசனம் எங்கள் கதையில் இல்லை. என் அப்பா பேசியதில்லை, நான் பேசியதில்லை, ராஜா கோபப்படுவார், உறுமுவார், இப்படிக் கிண்டல் பண்ணமாட்டார்... பண்ணமாட்டாரா? யார் சொன்னது? அவர் தலையை லேசாகச் சாய்த்திருக்கிறாரே, கதவை மேலும் கீழும் பார்க்கிறாரே, அதற்கு நூல் இழுத்தது யார், நான்தானே. மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்கிறான், அவள் திருப்பிக் கொடுக்கிறாள், புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று வாயாடுவது போல இருக்கிறது, நான் இருவருக்கும் நடுவில் ராஜாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், கூலியாள் மாதிரி. கோபம் வருகிறது. வரவும் வேண்டும், அது என் வீட்டுக் குரல், வாடகைக்கு எடுத்த சட்டையைப் பிடித்துத் தைத்துத் தன் அளவுக்கு ஆக்கிக்கொண்டாளா தையற்காரர் மகள்? எப்போது பிடிக்க ஆரம்பித்தாள்? என் இழுப்பு எங்கே, "யாரங்கே"வில் கடைசியில் நான் கொடுக்கும் அந்த உலுக்கல் எங்கே, முன்பு இருந்ததே, அச்சாக இருந்ததே... போகட்டும், ஒன்று மட்டும் நிச்சயம், ஒவ்வொரு வசனத்தையும் நான் உள்ளே சொல்கிறேன், உதடு அசைகிறது, அந்த அசைவைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வெளியே சொல்கிறாள். பாட்டன் சொத்து என்னிடம்தான் இருக்கிறது, அவள் அதன் வாசல் மட்டும்தான். இப்படித்தான் நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து உட்காருகிறேன். இல்லாவிட்டால் எப்படி உட்காருவது?

திரை விழுந்தது. ராஜாவைக் கொக்கியில் மாட்டி, விரல்களைப் பிரித்து எடுப்பதற்குள் காதம்மா உள்ளே வந்துவிட்டாள், பின்னாலேயே இரட்டைவாய். அவள் முகத்தில் கேலி இல்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன், ஏதோ கணக்கு ஒத்துவராத முகம். மளமளவென்று பேசினாள். இரட்டைவாய் என் முகத்தைப் பார்த்தான், மகன் முகத்தைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஐயா, ராஜா குரல் வந்து... அக்காவோட மைக்ல விழுந்திருக்காம்." மகன் முந்திக்கொண்டான். "மைக் மாறியிருக்கும்பா, அவசரத்துல குத்தினதுதானே." மூச்சுவிடும் முன் மருமகள், "ஆமாங்க, நான்தான் மாத்திக் குத்திட்டேன் போலிருக்கு. எனக்கு இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் புரியாது." என்ன சுருக்கு, மேடையில் வசனம் எடுப்பது போல ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர். எனக்காக என் வீட்டில் பொய் சொல்கிறார்கள், என்னைக் கேட்காமலே சொல்கிறார்கள், நான் தலையை ஆட்டினால் போதும், பேர் தப்பியது, பங்காளி வாயும் அடைபட்டது. அவளுடைய மைக் அவளுடைய முந்தானையில் அவள் குத்திய இடத்திலேயே இருக்கிறது, என்னுடையது என் சட்டையில், அந்தப் பெண்ணுக்குக் கண் இல்லையா என்ன, அதை விட்டுவிட்டு இரட்டைவாயிடம் தணிந்த குரலில் வேறு ஏதோ கேட்டாள். "ஐயாவோட மைக்லயும் ஒண்ணு இருக்காம். காத்து மாதிரி. வார்த்தையா வருதாம். அது என்னன்னு தெரிஞ்சுக்கணுமாம், அழிக்கவா வேணாமான்னு கேக்கறாங்க." ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன், கை வாங்கிக்கொண்டது.

காது மூடியதும் கூடம் மறைந்துவிட்டது. மருமகளின் குரல், இவ்வளவு அருகில் நான் கேட்டதே இல்லை, பயமாக இருந்தது, ராஜா என் மண்டைக்குள் நின்றுகொண்டு பேசுகிறார். அதற்கு அடியில் உலர்ந்த ஓலையைத் தரையில் இழுப்பது போல ஒன்று. நான்தான். ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது, ஒன்றுகூட விடவில்லை, பார்த்தாயா, சொன்னேனே, நான் உள்ளே சொல்கிறேன் என்று... அவள் முதலில். ஓலை அப்புறம். தற்செயலாக இருக்கும், அடுத்த வரி, அவள் முதலில், ஓலை அப்புறம், ஒரு மயிரிழைதான், ஆனால் அப்புறம்தான். வாயிற்காட்சி வந்தது. அந்த நீள அமைதி. என் இரண்டு வெறும் மூச்சு. பிறகு அவள், நான் பேசினா கதவு உடைஞ்சிடும்டா. அதன் கால் தடத்தில் கால் வைத்தபடி ஓலை, பேசினா, கதவு, உடைஞ்சிடும்டா... அப்போதுதான் பிறந்த வார்த்தை அது, அது எப்படி என் உதட்டில்? நான் அவளுக்கு முன்னால் போகிறவன், அப்படித்தானே, எப்போதிலிருந்து இப்படி, அந்த மழைநாள் ஆட்டத்திலிருந்தேவா, மகனுக்குத் தெரியுமா, இவளுக்குத் தெரிந்திருந்துதான் ஒன்றும் சொல்லாமல் இருந்தாளா? ஹெட்போனுக்கு வெளியே எல்லாரும் என் தலையசைப்புக்காக நிற்கிறார்கள், இரட்டைவாய் வாயை அசைக்கிறான், பேர் என்ன போடுவது என்று கேட்கிறானாக இருக்கும். நான் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி ஏதோ சொன்னேன். "என்ன ஐயா? கேக்கலை," என்றான் அவன், முன்னால் குனிந்து. மறுபடி சொன்னேன், வாயிற்காட்சியில் கத்தப் பார்த்ததில் இருந்த பேச்சும் போய்விட்டதோ என்னவோ, காற்றுதான் போயிற்று. மகன் தரையைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை போடச் சொல்றார் மாமா," என்றாள் மருமகள், ராஜாவின் குரலில் இல்லை, அவளுடைய சாதாரணக் குரலில், சமையலறையிலிருந்து பேசுவது போல. அதைத்தான் நான் சொன்னேனா? அல்லது அவள் சொன்ன பிறகுதான் அது என் உதட்டுக்கு...