டீச்சரின் இரண்டாம் கல்யாணம்

டீச்சருக்கு வீட்டிலும் டீச்சர் என்றுதான் பெயர். பெற்ற பிள்ளைகளுக்கே பாடம் எடுத்தவள். வகுப்பில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று அவள் போட்ட சட்டத்தை அவர்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பின்னால் வந்த மருமகள்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி அவள் வந்தபோது கணவனின் தங்கைக்குப் பத்து வயது. தாயில்லாப் பெண். ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசுவதால் குருவி என்று பெயர். தலை பின்னிவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, கட்டிக்கொடுத்தது வரை டீச்சர்தான். டீச்சரின் மூன்றாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சில வருடம் கழித்துக் குருவியும் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். வீடு மொத்தமும் டீச்சர் தலையில் விழுந்தது. யார் என்ன படிப்பது, யாருக்கு யாரைக் கட்டிவைப்பது, எந்தச் சுவருக்கு எப்போது வெள்ளையடிப்பது, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. ஒரே கூடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். அதில் ஒருவர் எந்நேரமும் லீவு.

எதற்கும் பொறுப்பில்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடம் போய்வரும் பஸ்ஸில் மட்டும்தான். வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் அந்த வண்டியில் டிரைவருக்குப் பின்சீட்டு அவளுடையது. டிரைவர் மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. அவள் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் எஞ்சினில் ஏதோ கோளாறு என்று இறங்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஏறியதும் கோளாறு சரியாகிவிடும். மழையைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி, முன்தினம் வண்டிக்குக் குறுக்கே வந்த எருமையைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். அவள் பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வருடங்கள் அப்படியே ஓடின.

அவள் ஓய்வு பெற்ற நாளன்று, இறங்கும்போது அவர் கேட்டார். "நாளையிலேருந்து கண்ணாடில நான் யாரப் பாக்கறது டீச்சர்?"

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் கூடையோடு நின்ற பெண், "எறங்கறீங்களா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பு கேட்பதுபோல் சொன்னாள். "நான் அந்த பஸ் டிரைவரக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

மூத்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "இந்த வயசுலயா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊர்ல பாதிப் பேரு என்கிட்ட படிச்சவங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரேன்."

"நாங்க உங்களுக்கு என்ன கொற வெச்சோம் டீச்சர்?"

"ஒண்ணும் வெக்கலடா. கொற இருந்தாத்தான் கேக்கணுமா?"

சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதுவரை வாயே திறக்காத குருவி கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"எனக்கு இருபத்தெட்டு வயசுல, வேண்டாம்னு சொன்னீங்க அண்ணி. உங்களுக்கு அம்பத்தெட்டுல வேணுமா?"

மருந்துக்கடைக்காரன் ஒருவன் குருவியைக் குழந்தையோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றது எல்லோரும் மறந்துபோன சங்கதி. பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் வீட்டுக்கு எதற்கு என்று டீச்சர் ஒரே வார்த்தையில் முடித்து அனுப்பியிருந்தாள். குருவி அன்று அழவில்லை. அதை டீச்சர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போய், "இப்ப வேண்டாம்" என்றாள். டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை. "நான் எங்க போகப்போறேன்" என்றார்.

குருவி அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தையல் மெஷின் ஓடும் சத்தம்தான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு அடையாளம். மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு மத்தியானம் டீச்சர் அந்த மெஷின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் நல்லதுக்குச் சொன்னேன்னு இத்தன நாளா நெனச்சுகிட்டிருந்தேன் குருவி. யோசிச்சுப் பாத்தா அப்படி இல்ல. நான் பள்ளிக்கூடம் போயிட்டா பிள்ளைங்கள நீதான் பாத்துகிட்ட. நீயும் போயிட்டா வீடு கவுந்துடும்னு பயந்தேன். அந்தப் பயத்த உன் தலையில கட்டிட்டேன். தப்பு என் மேலதான்."

மெஷின் நின்றது.

"எனக்குக் கோவம் போகல."

"போக வேண்டாம்."

"ஆனா உங்களத் தடுத்தா என் வருஷம் திரும்பி வரப்போகுதா? போய்க் கட்டிக்குங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். பெரியவன் போட மாட்டான், அவனுக்கு ஊரு இருக்கு."

பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா டீச்சரின் பழைய மாணவன். அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தவன், கடைசிவரை உட்காரவே இல்லை. டிரைவர் வீட்டில் டீச்சர் பத்துப் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். அங்கே சமையல் அவருடையது. அதிகாரம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. வாரம் தவறாமல் வந்துபோன குருவி, டிரைவர் போடும் டீயை வாயில் வைக்க முடியவில்லை என்பாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளரும் குடிப்பாள்.

டிரைவர் தூக்கத்திலேயே போய்விட்ட பிறகு மூத்தவன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். "கிளம்புங்க, வீட்டுக்குப் போலாம்."

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குருவி குறுக்கே வந்தாள். "அண்ணி எங்கயும் வர மாட்டாங்க. நான் இங்க வந்துடறேன். நீ போய் என் துணிமணிய ஏத்திட்டு வா."

மூத்தவன் டீச்சரைப் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் வாயிலிருந்து முடிவு வந்து அவன் கேட்டதே இல்லை.

"என்னை ஏன்டா பாக்கற? அத்த சொல்றாளே, காதுல விழலையா?" என்றாள் டீச்சர்.

அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருவரும் அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த டீச்சர் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு மூன்று தலைமுறை மாணவர்கள் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வயதானவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னதும், அழுத மருமகள்களைத் தண்ணீர் குடிக்க வைத்ததும் குருவிதான். மூத்தவன் எதற்கெடுத்தாலும் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "அத்த, அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.